புதுப்பிப்பு: பி.எஃப். விலகல் தேதிச் சிக்கல் தீர்ந்தது, வேலையில் சேர்ந்துவிட்டேன்

ஆட்குறைப்பில் வேலை போனதையும், பழைய நிறுவனம் என் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் விலகல் தேதியை, அதாவது நான் வேலையை விட்ட தேதியைப் பதியாததால் புதிய வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பு நின்றுபோனதையும் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "தேதியை நீங்களே பதியலாம்" என்ற யோசனைதான். பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆரிடமிருந்து கடைசிவரை பதில் இல்லை. பி.எஃப். கணக்குகளை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டு நுழைந்து, 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' எடுத்தேன். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வந்தது, தேதி பதிவாகிவிட்டது. ஆனால் கடைசி பி.எஃப். சந்தா கட்டிய மாதத்துக்குப் பிறகு 2 மாதம் கழிந்தால்தான் இது முடியும். வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் காத்திருக்காது என்பதால் அந்த இடைவெளிதான் பெரும் பாடு. தேதி, கடைசிச் சந்தா மாதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நிதானமாகப் பார்த்துப் போடுங்கள்.

எதிர்பாராத ஒன்று: பழைய நிறுவனத்திலிருந்து ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) இன்னும் வரவில்லை. ஆனாலும் பி.எஃப். தளத்தில் நம் வேலை விவரங்களைக் காட்டும் சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தையும் பணிநீக்க மின்னஞ்சலையும் சம்பளச் சீட்டுகளையும் வைத்தே புதிய நிறுவனத்தில் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம், பழைய பி.எஃப். தொகையை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன்.