ஹெட்போன் ஒயர் மாற்றினேன், பாடகர் குரலைக் காணோம்

தண்டையார்பேட்டை தம்பி:
நாய்க்குட்டி கடித்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரிச்சி தெருவில் 3 மீட்டர் சாதா ஒயர் வாங்கிப் பற்ற வைத்தேன். இசை கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் இருக்கிறார். வெளி இரைச்சலைத் தடுக்க உலோக வலை சுற்றிய ஷீல்டு ஒயர் வாங்கியிருக்க வேண்டுமா அண்ணே?

ராயபுரம்வாசி:
ஷீல்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கிரவுண்டு, அதாவது இரண்டு காதுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிப் போகிற இணைப்பு, விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகி, இடது வலதுக்கு உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும், இரண்டிலும் சமமாக இருக்கிற குரல் அடிபட்டுப் போகும். பிளக்கின் அடிப்பகுதியை, அதாவது ஸ்லீவைப் பார். ஒயர் இழைகளில் எனாமல் பூச்சு இருந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். சால்டரிங் அயர்ன் முனையில் கொஞ்சம் ஈயம் வைத்து, பூச்சு புகைந்து போகிற வரை இழையை அதிலேயே பிடி.

வியாசர்பாடி சவுண்டு:
அவர் சொன்னது சரி. 32 ஓம் ஹெட்போனுக்கு ஷீல்டு பெரும்பாலும் வேண்டாம். மைக்குக்குத்தான் வேண்டும், அதில் வருவது சில மில்லிவோல்ட்தான். அப்புறம், இரண்டு காதுக்கும் தனித்தனி கிரவுண்டு ஒயரைப் பிளக் வரை கொண்டு வா. ஒரே மெல்லிய ஒயரில் இரண்டும் போனால் ஒரு பக்கச் சத்தம் மறுபக்கம் கசியும்.

தண்டையார்பேட்டை தம்பி:
ஸ்லீவில் ஈயம் சும்மா உட்கார்ந்திருந்தது, ஒயர் தனியாக ஆடுகிறது! மறுபடி வைத்தேன், குரல் வந்துவிட்டது. சார்ஜர் போட்டால் மட்டும் லேப்டாப்பில் லேசாக உறுமுகிறது.

ராயபுரம்வாசி:
அது லேப்டாப் பக்கத்துக் கோளாறு, ஒயரைத் திட்டாதே. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேள்.