ஏழாம் வகுப்பில் ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் யாரை எடுப்பது?

திடல் வாத்தியார்:
அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பில் 60 பிள்ளைகள். குறுந்தூர ஓட்டம், நீளம் தாண்டுதலுக்கு 8 பேர் வேண்டும். மண் மைதானம், டேப், ஸ்டாப்வாட்ச், ஒரு நல்ல போன் இருக்கிறது. 100 மீட்டர் ஓடவிட்டு முதல் எட்டுப் பேரை எடுத்தால், பத்தாம் வகுப்புக்குள் பாதிப் பேர் பின்தங்கிவிடுகிறார்கள். எங்கே தப்பு?

தடகளம்77:
100 மீட்டரை விட்டுடுங்க சார். ஸ்டார்ட் பழகின பையனும் தம் கட்டி ஓடுற பையனும் மேலே வந்துடுவாங்க, வேகம் தனியாத் தெரியாது. 20 மீட்டர் ஓடி வேகம் பிடிக்கட்டும், அடுத்த 30 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்க.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம். கையால எடுக்கிற நேரம் 0.2 வினாடி வரை ஏமாத்தும், 30 மீட்டரில் அதுவே நாலஞ்சு இடத்தை மாத்திடும். போனில் வினாடிக்கு 240 ஃபிரேம் (படம்) எடுக்கிற ஸ்லோமோஷன் வைங்க. அந்த 30 மீட்டரின் நடுவில், அதாவது 15 மீட்டர் குறிக்கு நேரே, ஓடுற கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்னு, போனைத் திருப்பியபடி எடுங்க. 30 மீட்டரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட ரெண்டு கம்பம் வேணும்; அவற்றைக் கோட்டிலிருந்து 1 மீட்டர் உங்க பக்கம் நட்டால், நடுவிலிருந்து இருபுறமும் 15-க்குப் பதில் 13.5 மீட்டரில் நடணும். இல்லேன்னா பார்வைக் கோணத்தால தூரமே மாறிடும். இடுப்பு முதல் கம்பத்தைக் கடந்து அடுத்ததைக் கடக்கும்வரை ஃபிரேமை எண்ணி 240-ஆல் வகுங்க. ஆளுக்கு ரெண்டு ஓட்டம், நடுவில் 5 நிமிஷம் ஓய்வு. எல்லாரும் வெறுங்கால், இல்லேன்னா எல்லாரும் ஷூ.

கூடவே நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், மூணு வாய்ப்பு. போதும்.

மணற்குழி:
டெஸ்ட் சரிதான், ஆனா நீங்க கேட்டதுக்கு விடை வளர்ச்சியில இருக்கு. உயரம் வேகமா ஏறுற உச்சம் பெண்களுக்குச் சுமார் 12 வயசு, பையன்களுக்கு 14. முன்னாடியே வளர்ந்தவன்தான் ஏழாம் வகுப்பில் ஜெயிக்கிறான்.

அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையனுக்கு 13 சென்டிமீட்டர் சேர்த்து (பெண்ணுக்குக் கழித்து) ரெண்டால வகுத்தால், பெரியவனாகும்போது வரக்கூடிய உயரம் தோராயமாக் கிடைக்கும். அப்பா 168, அம்மா 155, பையன் இப்பவே 160: கணக்குப்படி 168, அதில் 95 சதவீதம் வளர்ந்தாச்சு. இன்னொருவனுக்கு அப்பா 176, அம்மா 163, அவன் 148: இன்னும் 84 சதவீதம்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினா நான் ரெண்டாமவனைத்தான் எடுப்பேன். பிறந்த மாசத்தையும் பாருங்க, ஒரே வயசுப் பிரிவில் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம்.

திடல் வாத்தியார்:
பெற்றோர் உயரத்தைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாமா?

மணற்குழி:
வேண்டாம் சார், அப்பா உயரத்தை எல்லாரும் ஏத்தித்தான் சொல்வாங்க. பெற்றோர் கூட்டத்தன்னைக்குச் சுவரில் டேப் ஒட்டி அளந்துடுங்க. அப்படியும் கணக்கு 8 சென்டிமீட்டர் வரை தப்பலாம், அதனால நேரம் நெருக்கமா இருக்கும்போது மட்டும் பாருங்க.

பெவிலியன்:
எட்டுக்குப் பதில் 16 பேரை எடுத்து, 8 வாரம் பயிற்சி கொடுத்து மறுபடி அளங்க. எவ்வளவு முன்னேறினாங்கன்னும் பாருங்க. வளரும் வயசில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலின்னு சொன்னா, தாண்டலை உடனே குறைச்சிடுங்க. மீதி 44 பேரையும் அடுத்த வருஷம் மறுபடி ஓடவிடுங்க. பிரிட்டனின் துடுப்புப் படகு வீராங்கனை ஹெலன் குளோவர் துடுப்பைப் பிடிச்சதே 2008-ல, உயரமானவங்களைத் தேடின ஒரு தேர்வு வழியா. 2012-ல ஒலிம்பிக் தங்கம்.