முத்துக்குளிப்பு வாடி இருந்த கரை: அரிப்போட திரும்புறதா, மறிச்சுக்கட்டி வரை போறதா?

ஓமந்தையூரான்:
மன்னாருக்குத் தெற்க அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரையில முந்தி முத்துக்குளிப்புக் காலத்தில எழும்பின வாடி ஊரைப் பாக்க, வவுனியாவில இருந்து ஒரு நாளில போய் வர ஏலுமா? கள்வரும் சூதாடியளும் நிறைஞ்ச ஊர் எண்டு பேர் கெட்ட இடமாம். குடும்பத்தோட போகலாமோ?

கரைவலை:
அந்த ஊர் இப்ப இல்லை. கம்பும் கிடுகும் வைச்சுக் கட்டின வாடிகள். அந்த நாளில காத்து அடங்கிற பெப்ரவரி மாசமளவில எழும்பும், குளிப்பு முடியக் கழட்டிடுவாங்கள். 1797 - 99இல கொண்டச்சி, பிறகு சிலாவத்துறை, 1900களின்ர தொடக்கத்தில மறிச்சுக்கட்டி. அத்திவாரம் போடாத ஊருக்கு என்ன இடிபாடு கிடக்கும்? அரிப்பைப் பாத்திட்டுத் திரும்புங்கோ.
மன்னார் பட்டினத்துக்குப் போய் வளையத் தேவையில்லை. செட்டிகுளம், மடு தாண்டி முருங்கனில தெற்கால திரும்பினால் சிலாவத்துறை வீதி.

பாலியாறு:
அரிப்போட நிண்டால் துரைமாரின்ர வீட்டை மட்டும் பாத்திட்டு வருவியள். அல்லிராணிக் கோட்டை எண்டு சனம் சொல்லுறது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801 - 04இல கட்டின மாளிகை. சனம் வாழ்ந்ததும் சிப்பி அழுகினதும் வாடியிலதான். 1905இல மட்டும் அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் வருமானம் குடுத்த மறிச்சுக்கட்டி மணல் அது. கரை எவ்வளவு நீளம், குடிதண்ணிக்கு என்ன பாடு எண்டதெல்லாம் அங்க நிண்டால்தான் விளங்கும்.

கரைவலை:
விளங்குறதுக்குச் சுடுமணலும் பத்தையும்தான் இருக்கு. பிள்ளையளுக்கு அதில என்ன?

சிப்பிக்கணக்கு:
கள்வர் ஊர் எண்ட பேர் சும்மா வரேல்லை. சனத்தை விட முறைதான் காரணம். வள்ளங்கள் நடுச்சாமத்தில கரைக்காத்தோட போய், மத்தியானம் கடல்காத்தோட திரும்பும். 5 - 10 பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில எடுத்த சிப்பியைக் கொட்டு எண்ட அரச வளவுக்குள்ள 3 பங்காய்ப் பிரிப்பாங்கள். ஒண்டு குளிகாரருக்கு, மிச்சம் அரசுக்கு. அரசின்ர பங்கு இரவில ஆயிரம் ஆயிரமாய் ஏலம் போகும். எந்தச் சிப்பிக்குள்ள முத்து எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதால வள்ளம் திரும்பி வாற வழியில இரகசியமாய்த் திறக்கிறதும், முத்தை விழுங்கிறதும் நடந்தது. வாங்கினவையும் சிப்பியைத் தொட்டியில போட்டு, புழு தின்னுமட்டும் ஒரு கிழமை போலக் காவல் இருக்கோணும். அந்த நாத்தத்துக்குள்ள எவன் கண் இமைக்காமல் இருப்பான்? பொலிஸ், நீதிமன்றம், ஆசுப்பத்திரி எல்லாம் கிடுகுக்குள்ளயே நடந்தது. வெறும் சண்டித்தன ஊருக்கு இதெல்லாம் வராது.

முசலிக்காரன்:
அந்தப் பழைய பேரை இப்ப இருக்கிற சனத்தின்ர தலையில கட்டாதேங்கோ. 1990 ஒக்டோபரில துரத்தப்பட்டு, யுத்தம் முடியத் திரும்பி வந்து குடியேறின முஸ்லிம் ஊர்கள்தான் இங்க கனக்க. பயப்பிட ஒண்டுமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடை பூட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணி கொண்டு போங்கோ, கிணத்துத் தண்ணி கனக்க இடத்தில உவர்.

பாலியாறு:
மறிச்சுக்கட்டியால வில்பத்துக் காட்டுக்குள்ளால புத்தளம் போறதை மட்டும் திட்டத்தில சேர்க்காதேங்கோ. முள்ளிக்குளம் பக்கம் கடற்படை இருக்கு, ட்ரோன் வேண்டாம். கண்ணிவெடிப் பலகை கண்டால் பத்தைக்குள்ள கால் வைக்கப்படாது.

கரைவலை:
பாத்தியளா, நீங்களே தடையளை அடுக்கிறியள். அரிப்பிலயும் கவனம் வேணும். மாளிகை நிக்கிற மேட்டைக் கடல் அடியால அரிக்குது, ஒரு பகுதி ஏற்கனவே விழுந்திட்டுது. தூண் எல்லாம் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினது. ஏறப்படாது, விளிம்பில நிண்டு படம் எடுக்கப்படாது. மாளிகையை விட அரிப்பில வேற ஒரு சின்னக் கோட்டையும் இருக்கு, அதையும் பாருங்கோ. கண்டி ராச்சியத்தில சிறையிருந்த றொபேட் நொக்ஸ் அருவியாத்துப் பக்கத்தால தப்பி 1679இல வந்து சேர்ந்தது அங்கதான். அந்த நாளில அது ஒல்லாந்தற்ற கையில.

ஓமந்தையூரான்:
டிசம்பர் லீவில போகலாமோ? பழைய முத்துச்சிப்பி ஓடு கிடைக்குமோ?

சிப்பிக்கணக்கு:
டிசம்பர் வேண்டாம், மழை பெருத்தால் அருவியாறு பெருகும். மே தொடக்கம் தென்மேற்கால வாற சோளகக் காத்து, கண்ணுக்கை மண். பெப்ரவரி - ஏப்ரல்தான் சரி, குளிகாரரும் அந்த அமைதியைத்தான் பாத்தவை. மணலில கிடக்கிற எல்லாச் சிப்பியும் முத்துச்சிப்பி இல்லை. 6 - 7 சென்ரிமீற்றர் அகலம், மூட்டுப் பக்கம் நேர்க்கோடு, உள்ளுக்கு மினுக்கம், அதைத்தான் தேடோணும். கண்டால் பாருங்கோ, கிண்டாதேங்கோ. தொல்பொருள் சட்டம் 1940இல இருந்தே இருக்கு.

பாலியாறு:
விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு வெயில் ஏற முதல் மறிச்சுக்கட்டி, திரும்பேக்க சிலாவத்துறையில சாப்பாடு, பின்னேரம் அரிப்பு. மாளிகை மேற்குக் கரையில நிக்கிறதால வெளிச்சமும் அப்பதான் சரியாய் விழும்.

கரைவலை:
சின்னப் பிள்ளையள் எண்டால் முதல் பாதியை வெட்டுங்கோ.