தாத்தா கை ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம்

சாட்ஸ்வொர்த் பேரன்:

பழைய கச்சேரி வீடியோவுக்கு, தனியாகப் பதிவான நல்ல ஒலியைப் பொருத்திப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என் கதை.

1987இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கச்சேரி. அப்போது நிறவெறி ஆட்சி, இந்தியப் பாடகர்கள் இங்கே வரமுடியாது. அவர்கள் பாஸ்போர்ட்டிலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று அச்சடித்திருக்கும். அதனால் பாடியதும் வாசித்ததும் நம் ஊர் ஆட்கள்தான். பகலில் துணித் தொழிற்சாலை, இரவில் மிருதங்கம் என்று இருந்த என் தாத்தாவும் அதில் ஒருவர்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் மண்டபத்தின் கடைசியில் ஸ்டாண்டு போட்டு விஎச்எஸ் வீடியோ டேப்பில் படம் பிடித்தார். மாமா மேடை மைக்குகள் வந்து சேரும் ஒலி மிக்ஸரிலிருந்து நேராக வயர் இழுத்து 90 நிமிடக் கேசட்டில் பதிந்தார். வீடியோவில் தாத்தா இருக்கிறார், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கேசட்டில் விரல் தோலை உரசுவதுகூடக் கேட்கிறது, ஆளைக் காணோம். இரண்டையும் சேர்த்து ஆயாவின் (பாட்டியின்) 85ஆவது பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று இறங்கினேன். ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தது ஆறு வாரம் இழுத்தது.

முதல் அடி, டிஜிட்டலாக்கித் தந்த கடையில். டேப் கசங்கிய இடங்களிலெல்லாம் ஃபிரேம்களை விட்டுவிட்டார்கள். படம் திடீர் திடீரென்று தாவுகிறது. எவ்வளவு பொருத்தினாலும் அடுத்த கசங்கலில் கலைந்துவிடும். பணம் போனது போகட்டும் என்று கடன் வாங்கிய விசிஆரில் (வீடியோ டேப் ஓட்டும் பெட்டியில்) நானே மறுபடி எடுத்தேன்.

அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் போட்டு, கேமரா ஒலி, கேசட் ஒலி இரண்டின் அலைவடிவத்தை வைத்துத் தானாகப் பொருத்தச் சொன்னேன். முதல் பாட்டு அச்சாக உட்கார்ந்தது. 45ஆவது நிமிடத்தில் கேசட் 19 விநாடி முன்னால் ஓடியிருந்தது! கணக்குப் போட்டால் 0.7 சதவீதம்தான். அந்தக் காலக் கேசட் ரெக்கார்டரில் இது பெரிய தப்பும் இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் 'டெம்போ'வைக் குறைத்தேன். அது தப்பு. டெம்போவை மாற்றினால் நேரம் நீளும், சுருதி அப்படியே நிற்கும். கேசட் வேகமாக ஓடும்போது சுருதியும் கூடவே ஏறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து இறக்கும் 'ஸ்பீட்'தான் சரி. அதைச் செய்ததும் ஆர்மோனியம் வீடியோவில் கேட்கும் ஆர்மோனியத்தோடு கலந்துவிட்டது. அதிலும் வேகம் ஒரே சீராக இல்லாததால் பாட்டுக்குப் பாட்டு வெட்டித் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் ஏதோ இடித்தது. அலைவடிவம் இரண்டும் கச்சிதமாக இருக்கின்றன, ஆனால் தாத்தாவின் உள்ளங்கை தொப்பியில் (மிருதங்கத்தின் இடப் பக்கத் தோலில்) விழுந்து, எழுந்த பிறகுதான் 'தொம்' வருகிறது. இரண்டு நாள் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் மண்டபம். கேமரா மேடையிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி நின்றது. சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க 58 மில்லி விநாடி ஆகும். நம் நாட்டு வீடியோ முறையான பிஏஎல்லில் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடி. அதாவது கேமரா மைக்குக்குப் போய்ச் சேர்ந்ததே ஒன்றரை ஃபிரேம் பிந்திய சத்தம். நான் நல்ல ஒலியையும் அந்தத் தாமதத்தோடு தைத்து வைத்திருந்தேன். அலைவடிவத்தை மறந்துவிட்டு, தனி ஆவர்த்தனத்தில் கை தோலைத் தொடும் ஃபிரேமைத் தேடி அதில் 'தொம்'மை வைத்தேன். அவ்வளவுதான், தாத்தா வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

மாரிட்ஸ்பர்க் கூத்துப்பிள்ளை:

கிணற்றுச் சத்தத்துக்கு ஒரு காரணம் சொல்கிறேன். விஎச்எஸ் டேப்பின் ஓரத்தில் ஓடும் சாதாரண ஒலித்தடம் விநாடிக்கு 23 மில்லிமீட்டர்தான் நகரும், ஆடியோ கேசட்டின் பாதி வேகம். எங்களிடம் இருப்பது விடிய விடிய நடந்த தெருக்கூத்து, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்களே, அது. டேப் மிச்சம் பிடிக்க எல்பியில் (லாங் ப்ளே) எடுத்துவிட்டார்கள், அதாவது அந்த வேகத்திலும் பாதி. வசனம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கைத்தாளத்தின் 'கிளிங்' மட்டும் ஊசி மாதிரி நிற்கிறது, அதைப் பிடித்துத்தான் பொருத்தினோம். ஃபிரேம் விடுபடுவதற்கு, பழைய பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 டிவிடி ரெக்கார்டர் கிடைத்தால் விடாதீர்கள். விசிஆரை அதன் வழியாகக் கணினிக்குக் கொடுத்தால் ஆடும் படம் பெருமளவு அடங்கிவிடும்.

பீனிக்ஸ் அக்கா:

டேப்பைப் போடும் முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள் தம்பி. டர்பன் ஈரத்துக்கு உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். நான் பார்க்காமல் போட்டு, விசிஆர் ஹெட்டையும் கெடுத்து, அதே விசிஆரில் அடுத்துப் போட்ட என் கல்யாண டேப்பிலும் அதை அப்பிவிட்டேன். அது கிடக்கட்டும், பொருத்தி முடித்த பிறகு கேமரா சத்தத்தை அழித்துவிட்டீர்களா?

சாட்ஸ்வொர்த் பேரன்:

அழிக்கத்தான் இருந்தேன் அக்கா. மாமா கேசட்டைத் திருப்பிப் போட்ட எட்டு விநாடிக்கு நல்ல ஒலி கிடையாது, அங்கே மட்டும் கேமரா சத்தத்தை ஒட்டினேன். ஒரு குழந்தை வீல் என்று கத்துகிறது. பிறந்தநாளன்று ஆயா மிருதங்கத்துக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு சும்மா இருந்தார். அந்த இடம் வந்ததும், "நீதான்டா அது. உன்னைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டேன், பாதிக் கச்சேரியைக் கேக்கவே இல்ல" என்றார். இப்போது கேமரா சத்தம் முழுக் கச்சேரிக்கும் அடியில் மெல்லிசாக ஓடுகிறது. 58 மில்லி விநாடி தாமதத்தை மட்டும் அதில் அப்படியே விட்டிருக்கிறேன், மண்டபம் மாதிரியே இருக்கிறது.