பத்மினிக்கு முன் கண்ணாடி ரப்பரும் ஹேண்ட் கியர் புஷ்ஷும் தேவை

வணக்கம் நண்பர்களே. வீட்டு ஷெட்டில் நானே வேலை பார்க்கும் 1980 மாடல் பிரீமியர் பத்மினி கார் ஒருவழியாக முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் ஆயிற்று. 1089 சிசி இன்ஜினும் ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்த) பிறகு நன்றாக ஓடுகிறது.

இழுத்தடிப்பது இரண்டு விஷயம். கடையில் கிடைக்கும் முன் கண்ணாடி ரப்பர் மூலைகளில் சரியாக உட்காரவில்லை. கயிறு போட்டு இழுத்து மாட்டினாலும், ஹோஸில் தண்ணீர் அடித்தால் டாஷ்போர்டுக்குள் சொட்டுகிறது. சீலன்ட் பூசிச் சமாளிக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் உள்ளே தங்கித் துரு பிடிக்குமே என்று மனம் வரவில்லை.

அப்புறம் ஹேண்ட் கியர், அதாவது ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர். கியர் கம்பிகளை இணைக்கும் லிங்கேஜில் உள்ள புஷ் (சிறு வளையம்) தேய்ந்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது சிக்கிக்கொள்கிறது. பானெட்டைத் திறந்து கம்பியைக் கையால் தட்டிவிட வேண்டியிருக்கிறது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கேட்டால் ஃப்ளோர் கியருக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். பத்மினி வாங்கியதே ஹேண்ட் கியருக்காகத்தானே!

லேத்தில் புஷ் கடைந்து தருபவர் யாரையாவது தெரியுமா? நைலானா, பித்தளையா, எது தாங்கும்? ஆர்சி புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து வண்டியை ஆர்டிஓவில் காட்ட வேண்டும், அதற்குள் முடித்தாக வேண்டும். பழைய புஷ் இருந்தாலும் போதும், அளவெடுத்துத் திருப்பித் தந்துவிடுகிறேன்.