இன்டர்வியூ போக லீவ் கேக்கறப்போ மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்றீங்க?

சத்தமில்லாம_தேடறவன்

மக்களே ஒரு யோசனை சொல்லுங்க. இப்ப இருக்கற கம்பெனில பெருசா குறைன்னு சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா சம்பளமும் ஏறல வேலையும் மாறல, அதனால வெளிய பாக்க ஆரம்பிச்சேன். மொதல் ரவுண்டு போன்லயே முடிஞ்சுது, ரெண்டாவது வீடியோ கால், அதையும் சாயங்காலமா வச்சு எப்படியோ ஒப்பேத்திட்டேன். இப்ப நேர்ல வாங்கன்னு சொல்லிட்டாங்க, அடுத்த வியாழக்கிழமை காலைல 11 மணிக்கு, நட்ட நடு வேலை நேரம்.

எங்க மேனேஜர் ஆளு நல்லவருதான், ஆனா லீவுன்னு வாயத் தெறந்தா ஏன் எதுக்கு எங்க யாரோடன்னு அடி வரைக்கும் தோண்டுவாரு. லீவ் போர்ட்டல்லயும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அத காலியா விட்டா சப்மிட்டே ஆகாது. போன மாசம்தான் ஒரு லீவ் எடுத்தேன், இப்ப மறுபடியும் போட்டா கண்டிப்பா கேப்பாரு. கேஷுவல் லீவும் தீர்ற நிலைமைல இருக்கு, இதுக்கப்புறம் ஹெச்ஆர் ரவுண்டுன்னு இன்னொன்னு வேற இருக்காம்.

காய்ச்சல்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன். பக்கத்து சீட்டுக்காரன் பாட்டிய சாகடிச்சிடுன்னு ஐடியா குடுக்கறான், எனக்கு அந்த அளவுக்கு மனசு வரல. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

---

கடைசி_பெஞ்ச்

காய்ச்சல்னு போட்டுட்டு போ ப்ரோ, யாரு தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்து பாக்கப் போறா. இதுக்கெல்லாமா இவ்ளோ யோசிக்கறது.

---

அப்ரூவ்_பண்றவன்

நான் ஒரு சின்ன டீம் பாத்துக்கறேன், லீவ அப்ரூவ் பண்ற பக்கத்துலேருந்து சொல்றேன் கேளுங்க. மேல சொன்னவரு ஈசியா சொல்லிட்டாரு ஆனா காய்ச்சல்லதான் சிக்கலே. யாருக்குமே அடுத்த வியாழக்கிழமை காய்ச்சல் வரும்னு திங்கக்கிழமையே தெரியாது இல்லையா, அப்ப அன்னிக்கு காலைலதான் மெசேஜ் போடணும், கையில இருக்கற வேலைய யார்கிட்டயும் ஒப்படைச்சிருக்க மாட்டீங்க, திடீர்னு ஆளு இல்லன்னதும் டீமே உங்களைத்தான் தேடும். உடம்பு சரியில்லன்னா வீட்லதான் படுத்திருப்பீங்கன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு, அதனால "இந்த ஒரு கால் மட்டும் ஜாயின் பண்ணிட்டு படுத்துக்கோப்பா"ன்னு சரியா 11 மணிக்கு போன் வரும், நீங்க அங்க ரிசப்ஷன்ல விசிட்டர் அட்டைய கழுத்துல மாட்டிட்டு உக்காந்திருப்பீங்க. எடுத்தாலும் பிரச்சனை எடுக்கலன்னாலும் பிரச்சனை.

சில இடத்துல சிக் லீவுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, அதுக்காக பொய் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தீங்கன்னா அது லீவ் விஷயமா இருக்காது, ஒழுங்கு நடவடிக்கை விஷயமாயிடும். பாட்டி கதைய பத்தி நான் பேசவே வேணாம், டீம்ல நாலு பேரு ஆறுதல் சொல்ல வருவாங்க, எல்லார் முன்னாடியும் முகத்த தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கணும்.

உண்மைய சொல்லப்போனா லீவ் எண்ணிக்கைய வச்சு ஒருத்தர் வேலை தேடறாருன்னு நாங்க கண்டுபிடிக்கறது ரொம்ப கம்மி. கதைய வச்சுத்தான் கண்டுபிடிப்போம். எப்பவும் "பர்சனல்"னு ஒத்த வார்த்தைல லீவ் கேக்கற ஆளு திடீர்னு "சார் எங்க ஹவுஸ் ஓனரோட மச்சான் பைப் ரிப்பேருக்கு ஆள கூட்டிட்டு வராரு, நான் கூட இருந்தே ஆகணும்"னு நீளமா ஆரம்பிச்சா அப்பதான் காது நிமிரும்.

அதனால கட்டத்துல "சொந்த வேலை"ன்னு மட்டும் போடுங்க. மேல கேட்டாருன்னா "கொஞ்சம் பர்சனல் சார், பயப்படற மாதிரி ஒன்னும் இல்ல, வியாழக்கிழமை குடுக்க வேண்டியத புதன்கிழமையே முடிச்சுடறேன்"னு சொல்லிட்டு பேச்ச வேலை பக்கம் திருப்பிடுங்க. முக்காவாசி மேனேஜருக்கு நீங்க எங்க போறீங்கங்கறது கவலையே இல்ல, அன்னிக்கு வேலை நின்னுடுமோன்னுதான் பயம். அந்த பயத்த எடுத்துட்டா தோண்டறதும் பாதி நின்னுடும். முன்னாடியே "மத்தியானம் வரைக்கும் போன் எடுக்க முடியாது சார், அப்புறமா பாத்துட்டு கூப்பிடறேன்"னும் சொல்லி வச்சுடுங்க.

---

சட்டை_மாத்தறவன்

லீவ் காரணத்த விட டிரஸ்தான் காட்டிக் குடுக்கும். வருஷம் பூரா ரவுண்டு நெக் டிசர்ட்ல வர்ற ஆளு ஒரு நாள் அயர்ன் பண்ண ஃபுல் ஹேண்டும் ஷூவும் போட்டுட்டு வந்தா வாட்ச்மேனே "என்ன தம்பி இன்னிக்கு இன்டர்வியூவா"ன்னு கேப்பாரு. அரை நாள் ஆபீஸ் வர்றதா இருந்தா சட்டைய பையில வச்சு எடுத்துட்டு போங்க. அப்புறம் ரெஸ்யூம ஆபீஸ் பிரின்டர்ல எடுக்கறவங்க இன்னும் இருக்காங்க, ட்ரேல கடைசி பக்கத்த விட்டுட்டு வந்துடுவாங்க, அத எடுத்து பாக்கறவங்களுக்கு அன்னிக்கு பொழுது போயிடும் 😀

---

ரெஸ்யூம்_பாக்கறவ

நான் ஆள் எடுக்கற பக்கம் இருக்கேன். தம்பி, 11 மணின்னு அவங்க சொன்னா அது கல்லுல செதுக்கினது இல்ல. வேலைல இருக்கறவங்களத்தான் கூப்பிடறோம்னு எங்களுக்கும் தெரியும். "இப்ப வேலைல இருக்கேன், காலைல மொத ஸ்லாட் இல்லன்னா சாயங்காலம் கடைசி ஸ்லாட் கிடைக்குமா"ன்னு கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சும்மா "வேற நேரம் வேணும்"னு சொல்லாம உங்களுக்கு தோதான ரெண்டு நேரத்த நீங்களே எழுதி அனுப்புங்க, எங்களுக்கும் பேனல்ல கேக்க வசதியா இருக்கும். அதுக்கு மேல மூஞ்சிய காட்டற கம்பெனின்னா, உள்ள போனப்புறம் உங்க லீவுக்கும் அதே மூஞ்சிதான் காட்டுவாங்க.

அப்புறம் கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி, மொத்தம் எவ்ளோ நேரம் ஆகும், யார் யாரெல்லாம் பாப்பாங்க. பல பேரு இத கேக்காமலே ஒரு மணி நேரம்னு நெனச்சு வந்துட்டு உள்ள மூணு ரவுண்டு ஓடறப்போ வாட்ச்ச பாத்துட்டு நெளியறாங்க, அது எங்களுக்கு நல்லாவே தெரியும், பதில் சொல்றதுல பாதி கவனம்தான் இருக்கும். ஹெச்ஆர் ரவுண்ட அன்னிக்கே சேத்து முடிக்க முடியுமா இல்ல வீடியோ கால்ல வச்சுக்கலாமான்னும் இப்பவே கேட்டுடுங்க, அதுக்குன்னு தனியா ஒரு லீவ் எடுக்க வைக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல.

கேஷுவல் லீவ் தீர்ந்துடுச்சேன்னு சம்பளமில்லாத லீவ், அதான் எல்ஓபி, போடறதுக்கு முன்னாடி யோசிங்க. நெறைய கம்பெனில கடைசி மூணு மாச பே ஸ்லிப் கேப்பாங்க. எல்ஓபி நாள் அதுல தனியா தெரியும், அந்த மாச தொகையும் கம்மியா இருக்கும், ஏன்னு ஒரு கேள்வி வரும். பெரிய குத்தம் இல்லதான், ஆனா சம்பளம் பேசற நேரத்துல தேவையில்லாத பேச்சு. ஏர்ன்டு லீவோ, லீவ் நாள்ல வேலை பாத்ததுக்கு பதிலா குடுக்கற காம்ப் ஆஃபோ இருந்தா அத மொதல்ல எடுங்க.

இன்னொன்னு, அப்ளிகேஷன் ஃபார்ம்ல "இப்போதைய நிறுவனத்தை தொடர்பு கொள்ளலாமா"ன்னு ஒரு கேள்வி இருக்கும். கண்ண மூடிட்டு ஆமான்னு டிக் பண்ணாதீங்க. ஆஃபர ஒத்துக்கிட்டப்புறம் தொடர்பு கொள்ளலாம்னு போடுங்க, அது எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்.

---

சத்தமில்லாம_தேடறவன்

அக்கா ரொம்ப நன்றி, நேரத்த மாத்தக் கேக்கலாம்ங்கறதே எனக்கு தோணல, அவங்க சொன்னதுதான் சட்டம்னு நெனச்சுட்டேன். இன்னொரு சந்தேகம், அரை நாள் லீவ் போதுமா இல்ல முழு நாளா எடுக்கறதா? அரை நாள்னா காலைலயா மத்தியானமா?

---

புரொடக்‌ஷன்_இஷ்யூ

காலைல எடுங்க. மத்தியானத்துக்கு மேல அரை நாள்னு போட்டா கிளம்பற நேரத்துலதான் ஏதாவது ஒன்னு புட்டுக்கும், ஆபீஸ்ல உக்காந்துட்டு இருக்கற ஆள யாரும் விட மாட்டாங்க. காலைல நேரா வீட்லேருந்து போயிட்டீங்கன்னா பிடிக்கவே முடியாது. இன்னொரு லாபம், காலைல மொத ஆளா உள்ள போனா உங்களுக்கு முன்னாடி யாரும் இழுத்தடிச்சிருக்க மாட்டாங்க, சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும்.

---

அப்ரூவ்_பண்றவன்

இதுல எனக்கு வேற கருத்து. நேர்ல கூப்பிட்டு ரெண்டு மூணு பேரு பாக்கறாங்கன்னா முழு நாளே எடுத்துடுங்க. அரை நாள்னு போட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டு மூணு மணியாகியும் வரலன்னாதான் டீம் தேட ஆரம்பிக்கும். நல்லா போற இன்டர்வியூதான் நீளும், "எங்க டைரக்டரும் பாக்கணும்னாரு, ஒரு அரை மணி நேரம் இருக்க முடியுமா"ன்னு கேக்கறப்போ ஆபீஸ் போகணும்னு எந்திரிச்சா வயித்தெரிச்சல்தான். பர்மிஷன், அரை நாளெல்லாம் வீடியோ காலுக்கு வச்சுக்கோங்க. வீடியோ கால்னா மதிய இடைவேளையே போதும், ஆனா ஆபீஸ் மீட்டிங் ரூம்ல உக்காந்து பேசாதீங்க, அந்த கண்ணாடிக் கதவு சத்தத்த தடுக்காது.

---

திரையில_தெரிஞ்சுது

ஆபீஸ் லேப்டாப்ப தொடவே தொடாதீங்க, மெயில் பாக்கறதுக்குக் கூட. எங்க டீம்ல ஒருத்தன் கிளையன்ட்டுக்கு ஸ்கிரீன் ஷேர் பண்ணிட்டு இருந்தான், பிரவுசர்ல அவனோட சொந்த மெயிலும் லாகின் ஆகியிருந்துருக்கு, டப்புன்னு மூலைல "நாளை 10 மணி, இரண்டாம் சுற்று நேர்காணல்"னு கம்பெனி பேரோட ஒரு நோட்டிஃபிகேஷன் எட்டிப் பாத்துது. கால்ல பத்து பேரு, யாரும் ஒன்னும் சொல்லல, அவனும் மேல பேசிட்டே போனான், ஆனா சாயங்காலம் மேனேஜர் தனியா கூப்பிட்டுட்டாரு. போன்ல ஆபீஸ் மெயில் வச்சிருந்தாலும் காலண்டர் ரெண்டும் கலக்குதான்னு பாத்துக்கோங்க. ஆபீஸ் காலண்டர்ல ஒரு நேரத்த பிளாக் பண்ணணும்னா வெறும் "பிஸி"ன்னு போடுங்க, தலைப்ப மத்தவங்களும் பாக்கற மாதிரி செட்டிங் இருக்கலாம்.

லிங்க்ட்இன்ல "ஓப்பன் டு ஒர்க்" பச்சை வளையத்த எல்லாருக்கும் தெரியற மாதிரி போடாதீங்க. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல உங்க கம்பெனி ரெக்ரூட்டர்களுக்கு காட்டாம இருக்கத்தான் பாப்பாங்க, ஆனா முழு உத்தரவாதம் இல்லன்னு அவங்களே சொல்றாங்க.

---

ரைன்_கரையோரம்

இங்க ஜெர்மனில இருக்கேன். கம்பெனியே வேலைய விட்டு எடுக்கறவங்க யாராவது இத படிச்சா உதவும்னு எழுதறேன். இங்க சிவில் சட்டம் பிஜிபி 629வது பிரிவுல, நோட்டீஸ் குடுத்தப்புறம் வேற வேலை தேட நியாயமான நேரம் கேட்டா முதலாளி குடுத்தே ஆகணும்னு இருக்கு. நீங்களே ராஜினாமா பண்ணியிருந்தாலும் பொருந்தும். பிரிட்டன்ல 1996ஆம் வருஷ எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட் 52வது பிரிவு, அது ஆட்குறைப்புல நோட்டீஸ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான், ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கணும், அந்த நேரத்துக்கு சம்பளமும் ஒரு வாரச் சம்பளத்துல 40 சதவீதம் வரைக்கும்தான் குடுக்கணும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓவும் 1982ல 166வது பரிந்துரைல, வேலைய விட்டு நீக்கறவங்களுக்கு நோட்டீஸ் காலத்துல சம்பளம் பிடிக்காம வேலை தேட நேரம் குடுக்கணும்னு சொல்லியிருக்கு, பரிந்துரைங்கறதால யாரையும் கட்டுப்படுத்தாது.

தம்பி மாதிரி நோட்டீஸே குடுக்காம சத்தமில்லாம தேடறவங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, நம்ம லீவத்தான் நாம எடுத்துக்கணும்.

---

சத்தமில்லாம_தேடறவன்

அப்டேட். நேத்து ரெக்ரூட்டருக்கு மெயில் போட்டேன், அரை மணி நேரத்துல பதில் வந்துடுச்சு, வியாழக்கிழமையே காலைல 9 மணிக்கு மாத்திட்டாங்க, மூணு பேரு பாப்பாங்களாம், ஹெச்ஆர் ரவுண்டு வீடியோ கால்தானாம். ஒரு ஏர்ன்டு லீவ் முழு நாளா போட்டுட்டேன். மேனேஜர் வழக்கம் போல "என்னப்பா விசேஷம்"னாரு, பர்சனல் சார்னு சொல்லிட்டு ரிப்போர்ட்ட புதன்கிழமையே அனுப்பிடறேன்னேன். "அந்த டேட்டாவ மட்டும் ஒரு தடவ செக் பண்ணிடு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு, அவ்ளோதான்.

---

ரெஸ்யூம்_பாக்கறவ

சூப்பர். நோட்டீஸ் பீரியட் எவ்ளோன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா? எல்லா ரவுண்டும் முடிஞ்சப்புறம் மூணு மாசம்னு சொன்னீங்கன்னா அவங்களுக்கும் கடுப்பு உங்களுக்கும் ஒரு லீவ் வேஸ்ட்டு. அப்புறம் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து நல்லா படிச்சு பாத்தப்புறம் பேப்பர் போட்டா போதும். நோட்டீஸ் பீரியட்ல லீவ் எடுத்தா நெறைய இடத்துல கடைசி நாள அத்தன நாள் தள்ளி வைப்பாங்க, அதனால சேரற தேதி சொல்றப்போ அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

---

சத்தமில்லாம_தேடறவன்

மொத போன் கால்லயே கேட்டாங்கக்கா, ரெண்டு மாசம்னு சொல்லிட்டேன். பை அவுட் பண்ணுவீங்களான்னு, அதாவது நோட்டீஸ் முடியாம சீக்கிரம் கிளம்பறதுக்கு கட்ட வேண்டிய காச நீங்களே குடுப்பீங்களான்னு கேட்டதுக்கு ஹெச்ஆர் ரவுண்டுல பேசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு எப்படி பேசணும்னு தனியா ஒரு கேள்வி போடறேன், அங்கயும் வந்துடுங்க.