புதுப்பிப்பு: சிங்கப்பூரில் சாப்பாட்டு பில்லைப் பிரித்த கதை

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கூட்டமாகச் சிங்கப்பூர் போகிறோம், சைவக்காரர்களும் பீர் குடிப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பில்லை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஈப்போ அக்கா சொன்ன வழிதான். நடுவில் வைத்துச் சாப்பிட்டது எல்லாருக்கும் சமம். நண்டும் பீரும் எடுத்தவர்கள் கணக்கில். பொதுப்பணம் போடும் யோசனை டாக்சிக்குச் சரி, சாப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை.

மெனு விலையை மட்டும் கூட்டினால் துண்டு விழும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 119.90 வெள்ளி. அவரவர் தொகையை 1.199ஆல் பெருக்கினோம், முணுமுணுப்பே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: கேட்காமலே மேசைக்கு வந்த வேர்க்கடலைக்கும் ஈர டிஷ்யூவுக்கும் காசு. வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பெரியப்பா அதற்குள் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு, "இதையும் எல்லாருக்கும் பிரிடா" என்றார்!

அப்புறம், உணவங்காடியில் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் ஹாக்கர் சென்டர்) இந்தக் கணக்கே வேண்டாம். சேவைக் கட்டணம் கிடையாது. அவரவர் வாங்கி அவரவர் கட்டிக்கொள்ளலாம்.